வெளியே போயிருக்கும் அடுப்பு

அடுப்பு ரிப்பேர் செய்கிறவர் வீட்டில் அடுப்பு இல்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? வீட்டின் முன்னறைதான் கடை. அங்கே தரையிலிருந்து கூரைவரை அடுப்புகள். கால் உடைந்தது, குமிழ் கழன்றது, தீ ஒரு பக்கமாகச் சாய்ந்து எரிவது, பற்றவைத்தால் பொட்டென்று அணைவது என்று ஊரிலுள்ள நோயாளி அடுப்பெல்லாம் அங்கே அடுக்கிக் கிடக்கும். அதில் ஒன்றாவது எரியுமா என்று மட்டும் கேட்காதீர்கள். எரிகிற அடுப்பை யார் கடைக்குக் கொண்டுவருவார்கள்? எரிகிற ஒரே அடுப்பு பின்னாலிருந்த சமையலறையில், கல் மேடைமேல் இருந்தது. இரண்டு பர்னர் வைத்த பழைய அடுப்பு. அதுவும் வாரத்தில் பாதி நாள் வீடு தங்காது.

காரணம் அடுப்புக்காரரின் ஒரு பழக்கம். ஓர் அடுப்பைச் சரிசெய்ய இரண்டு நாளாகும் என்றால் அந்த இரண்டு நாளும் அந்த வீட்டில் எதில் சமைப்பார்கள்? உலகத்தில் வேறெந்தக் கடைக்காரருக்கும் வராத இந்தக் கேள்வி அவருக்கு வந்தது. கல்யாணமான ஐந்தாம் நாளே வந்தது. நேராக உள்ளே போனார், சொந்த வீட்டு அடுப்பைக் கழற்றினார், வந்தவர் கையில் கொடுத்து அனுப்பினார். புதுப்பெண் காய்கறியை நறுக்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது மேடை துடைத்துவிட்டாற்போல் இருந்தது.

“என்னங்க, அடுப்பு எங்கே?”

“வெளியே போயிருக்கு.”

“வெளியேன்னா? அதுக்குக் காலா இருக்கு?”

“நாளைக்கு வந்துடும்மா. பாவம், அவங்க வீட்டு அடுப்பு படுத்துக்கிச்சு.”

“அதுவரைக்கும் நமக்கு?”

“கடவுள் பாத்துக்குவார். மரம் வெச்சவன் தண்ணி ஊத்த மாட்டானா?”

“மரத்துக்கு ஊத்துவான். எனக்கு யாரு உலை வைப்பாங்க?”

அன்று ஆரம்பித்த பேச்சு. பதினெட்டு வருடமாக, ஒரு வார்த்தை கூடாமல் குறையாமல், அந்த வீட்டில் நடந்துகொண்டிருந்தது. இதற்குள் இரண்டு பெண்கள் பிறந்து, பேசப் பழகி, “அடுப்பு வெளியே போயிருக்கு” என்பதை “அப்பா குளிக்கப் போயிருக்கார்” என்பதைப்போலச் சாதாரணமாகச் சொல்லக் கற்றுக்கொண்டார்கள்.

அடுப்புக்காரம்மாவைப் பற்றித் தப்பாக நினைக்க வேண்டாம். அவள் கஞ்சப்பிசினாறி இல்லை. கடை வேலையில் பாதி அவளுடையது. அடைத்துக்கொண்ட பர்னரின் ஓட்டைகளை ஒவ்வொன்றாக ஊசியால் குத்தித் திறந்து, தீயைப் பூப்போல வட்டமாக நிற்கவைப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. கடவுள் நம்பிக்கையும் உண்டு. ஆனால் புருஷனுடையது மொத்த வியாபாரம், அவளுடையது சில்லறை. அவர் ஒரேயடியாக எல்லாவற்றையும் கடவுள் தலையில் போட்டுவிட்டு விசில் அடித்துக்கொண்டு திருகாணி முடுக்குவார். அவளோ தினமும் காலையில் கடவுளோடு சண்டை பிடித்து, பேரம் பேசி, அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கு வாங்கிக்கொள்வாள்.

ஒன்றை மட்டும் அவளும் மறுக்க மாட்டாள். வெளியே போன அடுப்பு ஒருநாளும் வெறுமனே திரும்பியதில்லை. யாரும் கேட்டதில்லை, யாரும் விதி போட்டதில்லை. ஆனாலும் கொண்டுபோனவர்கள் திருப்பித் தரும்போது அதன்மேல் ஒரு கிண்ணம் மூடிவைத்திருக்கும். கறியோ, இனிப்போ, வேகவைத்த கிழங்கோ, ஏதோ ஒன்று. அடுப்பு இல்லாத நாட்களிலும் பக்கத்து வீட்டிலிருந்தோ எதிர்வீட்டிலிருந்தோ ஏதாவது வந்து சேரும். தெருவில் எந்த வீட்டுக் கைக்கு உப்பு அதிகம், எந்த வீட்டில் காரத்துக்குப் பஞ்சம் என்பது பெண்கள் இருவருக்கும் அத்துப்படி.

எல்லாம் சரி. அண்ணன் விஷயம்தான் அவள் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள் அவர்கள். அண்ணன்தான் அவளை வளர்த்தார். பஸ் நிலையத்தில் டைம்கீப்பர் வேலை. விடியும் முன்பே எழுந்து சமைத்து, தங்கைக்கு ஊட்டிவிட்டு, அதற்குப் பிறகுதான் வேலைக்கு ஓடுவார். தான் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அப்படிப்பட்டவர், தங்கைக்கு மாப்பிள்ளையாக வந்தவர் கல்யாணத்தன்றே யாரோ குளிரில் நடுங்குகிறார் என்று புதுச் சட்டையைக் கழற்றிக் கொடுப்பதைப் பார்த்தார். அங்கேயே நின்று சொன்னார்: “இந்த ஆளு என் தங்கச்சியைப் பட்டினி போடுவான். இவன் வீட்டுல நான் கை நனைக்க மாட்டேன்.”

சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார். பேச்சுவார்த்தை உண்டு. வருடத்துக்கு இரண்டு தடவை அவள் பிள்ளைகளோடு போய் அவர் சமைத்துப் போடுவதைச் சாப்பிட்டுவிட்டு வருவாள். அவர் மட்டும் இங்கே வரவில்லை. ஊட்டி வளர்த்த கைக்கு ஒருவேளைச் சோறு போட முடியவில்லையே என்று அவள் அழாத நாள் குறைவு.

அந்த அண்ணன் ஒரு வியாழக்கிழமை போன் செய்தார்.

“ஞாயித்துக்கிழமை வரேன். பன்னிரண்டரை மணி பஸ்ஸுல இறங்குவேன்.”

“வாங்கண்ணா” என்றாள். “வந்துட்டு…?”

“சாப்பிடத்தான் வரேன்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அவள் போனைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு மூன்று நாள் அந்த வீட்டில் யாரும் நிம்மதியாக இருக்கவில்லை. பாத்திரங்கள் விளக்கப்பட்டன, சுவர்கள் துடைக்கப்பட்டன, நோயாளி அடுப்புகள்கூடத் தூசி தட்டப்பட்டன. சனிக்கிழமை அவள் ஒரு கயிற்றை எடுத்து அடுப்பின் காலை ஜன்னல் கம்பியோடு சேர்த்து மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டினாள்.

“நாளைக்கு யாரு வந்து நின்னாலும் இது மேடையை விட்டு இறங்கக் கூடாது. என் அண்ணன் என் அடுப்படியில, என் கையால, சுடச்சுடச் சாப்பிடணும். சத்தியம் பண்ணுங்க.”

“சத்தியம்” என்றார் அடுப்புக்காரர். முடிச்சைத் தொட்டுப் பார்த்து, “மாட்டைக்கூட இப்படிக் கட்ட மாட்டாங்களே” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவரையும் இளையவளையும் சந்தைக்கு விரட்டினாள். அவர் கண்ணில் யாரும் படாமல் இருப்பது நல்லது என்பதும் ஒரு கணக்கு. ஒரு பர்னரில் அரிசி கொதித்தது, மறுபர்னரில் கறி வதங்கிக்கொண்டிருந்தது. மூத்தவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அப்போது கடை வாசலில் குரல் கேட்டது.

ஒரு இளவயது ஆள், காவல்காரர் சீருடையில், ஓர் ஒற்றை பர்னர் அடுப்பைச் சுமந்துகொண்டு நின்றார். தெருக்கோடிக்குப் புதிதாகக் குடிவந்தவர். வேலை முடிந்து நேராக வந்திருக்க வேண்டும், கண் சிவந்திருந்தது. அவள் அடுப்பைத் திருப்பிப் பார்த்தாள். வாயுவைத் திறக்கும் வால்வே உடைந்திருந்தது. புதிது வாங்கித்தான் போட வேண்டும், ஞாயிறு அந்தக் கடை திறக்காது.

“நாளைக்குச் சாயங்காலம் ஆயிடுமே” என்றாள்.

“சரிங்கம்மா, பரவாயில்லை” என்று சொன்னவர் போகவில்லை. “கொஞ்சம் சுடுதண்ணி மட்டும் கிடைக்குமா? வீட்டுல பிள்ளைங்களுக்குத் தண்ணி வெச்சிட்டிருந்தோம், பாதியில அணைஞ்சு போச்சு. ரெட்டைப் பிள்ளைங்க. பொறந்து ஒம்பது நாள் ஆகுது. கூடமாட யாரும் இல்லை, நான்தான்.”

அவர் அவ்வளவுதான் கேட்டார். அடுப்பைக் கேட்கவில்லை. இந்த வீட்டின் பழக்கமே அவருக்குத் தெரியாது. கறிச்சட்டியை இறக்கி, தண்ணீர் வைத்து, கொதிக்கவைத்து ஒரு பாத்திரத்தில் ஊற்றிக் கொடுத்தாள். துண்டால் பிடித்துக்கொண்டு கிளம்பினார். அவள் வாசலில் நின்று பார்த்தாள். ஒரு சொட்டும் சிந்தக்கூடாது என்று முட்டைமேல் நடப்பவர்போல் நடந்தார். அப்படியும் திருப்பத்தில் தளும்பிக் கையைச் சுட்டுவிட்டது. நின்று, கையை ஊதிக்கொண்டு, மறுபடி நடந்தார்.

ஒரு பாத்திரம் தண்ணீர். இரண்டு பிள்ளை, ஒரு தாய், முழுசாக ஒரு பகல், ஒரு ராத்திரி.

அவள் உள்ளே வந்து கரண்டியை எடுத்தாள். கறியைக் கிளற முடியவில்லை.

“ஏன் கடவுளே, இன்னைக்கேவா?” என்றாள் சத்தமாக. “நேத்து அனுப்பியிருக்கக் கூடாதா? நாளைக்கு அனுப்பினா என்ன குறைஞ்சிடும்? பதினெட்டு வருஷமா கேட்டது ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை. அதுலயும் மண்ணா?”

“யாருகிட்டம்மா பேசறீங்க?” என்றாள் மூத்தவள்.

“உங்கப்பாவோட கூட்டாளிகிட்ட” என்று சொல்லிவிட்டு அடுப்பை அணைத்தாள். சோறு பாதி வெந்திருந்தது, கறி பாதிகூட வேகவில்லை. தானே போட்ட மூன்று முடிச்சில் இரண்டு அவிழ்ந்தன. மூன்றாவதை நகத்தால் முடியாமல் பல்லால் கடித்துப் பார்த்து, கடைசியில் அறுத்தே விட்டாள். “ஓடு, அந்த ஆளைக் கூப்பிடு” என்று மகளை அனுப்பினாள்.

காவல்காரர் வந்து அடுப்பைப் பார்த்ததும் பின்வாங்கினார். “ஐயோ, இதைக் குடுத்துட்டு நீங்க எதுல சமைப்பீங்கம்மா?”

அவள் வாயைத் திறந்தாள். “கடவுள் பாத்துக்குவார்” என்று வந்தது. கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன வார்த்தை தன் வாயிலிருந்தே வந்ததும் அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது.

சந்தையிலிருந்து பையும் கையுமாகத் திரும்பிய அடுப்புக்காரர் வெறும் மேடையையும் அறுந்த கயிற்றையும் பார்த்தார். முகம் வெளுத்தது. “நான் இல்லைம்மா! சத்தியமா நான் இல்லை! பாப்பா, நீயே சொல்லு, அப்பா உன்கூடத்தானே இருந்தேன்?”

“நான்தான்” என்றாள் அவள்.

அவர் ஒரு நிமிடம் அவளையே பார்த்தார். பிறகு பைகளைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

“சிரிச்சது போதும், எழுந்திரிங்க” என்றாள். “அண்ணன் வர ரெண்டு மணி நேரம் இருக்கு.”

திட்டம் இதுதான். சோற்றுப் பானை பக்கத்து டீச்சர் வீட்டுக்கு. கறிச்சட்டி தையல்காரர் வீட்டுக்கு. காய்கறி எதிர்வீட்டுக்கு. பன்னிரண்டே காலுக்கு எல்லாம் வெந்து மேடைக்குத் திரும்பிவிட வேண்டும். அண்ணனை முன்னறையிலேயே உட்கார வைத்து, அங்கேயே பரிமாறி, அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்கவிடாமல் அனுப்பிவிட வேண்டும். பானையைத் தலையில் வைத்துக்கொண்டு அடுப்புக்காரரும், சட்டியைப் பிடித்துக்கொண்டு பெண்களும் தெருவில் ஊர்வலம் போனார்கள்.

வாழ்நாளில் ஒரு பஸ்ஸைக்கூட நேரத்துக்கு முன்னால் கிளம்பவிடாத மனிதர், அன்றைக்கு முக்கால் மணி நேரம் முன்னதாக வந்து நின்றார். தேய்த்த சட்டை, தோளில் பெரிய அட்டைப் பெட்டி, முகமெல்லாம் வியர்வை.

“வாங்கண்ணா! உட்காருங்க, தண்ணி குடிங்க” என்று அவள் குறுக்கே நின்றாள்.

“வாங்க மச்சான், இங்கேதான் நல்லா காத்து வரும்” என்று அடுப்புக்காரர் மறுபக்கம் அடைத்தார்.

“அடுப்படி எங்கே?” என்று கேட்டு, இருவருக்கும் நடுவில் புகுந்து உள்ளே போய்விட்டார் அண்ணன்.

வெறும் மேடை. சிலிண்டர் தனியாக நின்றது. மாடு அறுத்துக்கொண்டு போனதுபோல் ஜன்னல் கம்பியில் கயிறு தொங்கியது. அண்ணன் பெட்டியைக் கீழே வைத்தார்.

“போன மாசம் வந்தேன்” என்றார். “இந்தப் பக்கமா ஒரு வேலை. வாசல் பூட்டியிருந்துச்சு. பின்னால வந்து இந்த ஜன்னல் வழியா பாத்தேன். இதே மாதிரி வெறும் கல்லு. அடுப்பைக்கூட வித்துச் சாப்பிட்டுட்டாங்களேன்னு திரும்பிப் போயிட்டேன். வீம்பு பிடிச்சு இத்தனை வருஷம் வராம இருந்த என்னைச் செருப்பால அடிக்கணும்னு தோணுச்சு.” பெட்டியைக் காலால் தள்ளினார். “புது அடுப்பு. மூணு பர்னர். எடுத்துக்கோ.”

“ஐயோ அண்ணா, அப்படியெல்லாம் இல்லை. இன்னைக்குக் காலையிலதான் ஒருத்தருக்குக் குடுத்தேன்.”

“போன மாசமும் இன்னைக்குக் காலையிலதானா?”

உண்மையைச் சொன்னால் பொய்யைப்போலவே இருந்தது. “மச்சான், அது வந்து…” என்று ஆரம்பித்த அடுப்புக்காரரை அண்ணன் பஸ்ஸை நிறுத்துவதுபோல் கை காட்டி நிறுத்தினார். அவள் கண்ணில் நீர் முட்டியது. ஒரு வேளைச் சோறு போட ஆசைப்பட்டாள். கடைசியில் பரிதாபத்தைத்தான் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

அப்போது பின்கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு டீச்சர் வந்தாள். “அடுப்புக்காரம்மா, சோறு பதமா வெந்துடுச்சு. கூடவே கொஞ்சம் முட்டையும் பொரிச்சு எடுத்துட்டு வந்தேன்.” அவளுக்குப் பின்னால் தையல்காரர், கறிச்சட்டியோடு. “உப்பு கொஞ்சம் தூக்கலா இருந்துச்சுக்கா. உருளைக்கிழங்கு நாலு போட்டுச் சரி பண்ணிட்டேன்.” அதற்கும் பின்னால் எதிர்வீட்டம்மா, காய்கறியும் ஒரு தட்டு இனிப்புமாக. மேடை நிறைந்து, இடம் போதாமல் இனிப்புத் தட்டை சிலிண்டர்மேல் வைத்தார்கள்.

அண்ணன் ஒவ்வொருவராகப் பார்த்தார். “இவங்க வீட்டு அடுப்பு எங்கே?”

“தெருக்கோடியில ரெட்டைப் பிள்ளை பொறந்த வீட்டுல இருக்காம்” என்றாள் டீச்சர்.

“போன மாசம் எங்க வீட்டுல இருந்துச்சு” என்றார் தையல்காரர் பெருமையாக. “நாலு நாள். என் அடுப்பு படுத்துக்கிச்சு, அடுப்புக்காரர் இதைக் கழட்டிக் குடுத்துட்டாரு.”

“அதுக்கு முன்னாடி நான்தான் வெச்சிருந்தேன்” என்றாள் எதிர்வீட்டம்மா. “இந்த அடுப்பு ஏறாத மேடை இந்தத் தெருவுல கிடையாதுங்க.”

அண்ணன் மெதுவாகத் தான் கொண்டுவந்த பெட்டிமேலேயே உட்கார்ந்தார். “அப்போ… பட்டினி?”

“பட்டினியா?” என்றாள் இளையவள். “மாமா, போன வாரம் மூணு வீட்டுலேர்ந்து சாப்பாடு வந்துச்சு. வேண்டாம்னு சொன்னதுக்கு அம்மா என்னைத் திட்டித் திட்டி ஊட்டினாங்க.”

அண்ணன் சிரிக்கத் தொடங்கினார். முதலில் தோள் மட்டும் குலுங்கியது, பிறகு சத்தமாக வந்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். “மாப்பிள்ளை” என்றார், பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக. “கை கழுவ எங்கே போகணும்?”

அவள் பரிமாறினாள். மூன்று வீட்டுத் தீயில் வெந்த சாப்பாட்டை அண்ணன் பிசைந்து வாயில் வைத்ததைப் பார்த்தபோது அவளுக்கு இருந்த சந்தோஷத்தை எந்தப் பாத்திரத்தில் அளந்து சொல்வது? அழுதுகொண்டே இன்னொரு கரண்டி போட்டாள். அவர் போதும் போதும் என்று ஒப்புக்குச் சொல்லிக்கொண்டே மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டு, இடுப்பு பெல்ட்டை ஓர் ஓட்டை தளர்த்தினார். வந்தவர்களும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். எல்லோருக்கும் போதுமானதாக இருந்தது.

சாப்பிட்டு முடித்ததும் அடுப்புக்காரர் புது அடுப்பைப் பிரித்து மேடையில் பொருத்தினார். மூன்று தீயும் நீலமாக, வட்டமாக நின்றன. “தீ நிக்கிற அழகைப் பாருங்க மச்சான்” என்று குழந்தையைக் கொஞ்சுவதுபோல் கொஞ்சினார். அவள் அதில் டீ போட்டாள். அண்ணன் முதல் வாய் குடிக்கும்போது கடை வாசலில் காவல்காரர் நின்றார். கையில் பழைய அடுப்பு.

“மன்னிச்சுக்கங்கம்மா. பதினெட்டு வருஷம் கழிச்சு உங்கண்ணன் சாப்பிட வந்திருக்கார்னு இப்பத்தான் தெருவுல சொன்னாங்க. தெரியாம வாங்கிட்டுப் போயிட்டேன். தண்ணி போதுமான அளவு காய்ச்சி வெச்சுக்கிட்டோம்.”

அடுப்பின்மேல் ஒரு சின்னக் கிண்ணம் மூடியிருந்தது. “சீனி போட்டுக் காய்ச்சின பால்” என்றார் கூச்சத்தோடு. “பிள்ளைங்க பொறந்ததுக்கு யாருக்கும் இனிப்பு குடுக்கலை. வீட்டுல இதுதான் இருந்துச்சு.”

பெண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இவருக்கு யாரும் அந்த வழக்கத்தைச் சொல்லியிருக்கவில்லை.

அண்ணன் கிண்ணத்தைத் திறந்து ஒரு வாய் குடித்தார். “எத்தனை பிள்ளைங்க?”

“ரெண்டுங்க.”

அண்ணன் மேடையைப் பார்த்தார். விரல் விட்டு எண்ணினார். “ஒண்ணுல சுடுதண்ணி. ஒண்ணுல பால். ஒண்ணுல பெத்தவளுக்குச் சோறு.” எழுந்து போய் சிலிண்டரைத் தானே மூடினார்.

“அண்ணா!” என்றாள் அவள். “அது எனக்குன்னு தோள்ல தூக்கிட்டு வந்ததாச்சே!”

“உனக்குக் குடுத்தாச்சு. இனிமே அது உன் அடுப்பு. குடுக்கிறதும் குடுக்காததும் உன் இஷ்டம்” என்று சொல்லிவிட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் ஏற்கெனவே திருகாணி முடுக்கியைக் கையில் எடுத்துவிட்டிருந்தார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அறுந்த கயிற்றை எடுத்து, புது அடுப்பைப் பெட்டியில் வைத்து, அவளே இறுக்கிக் கட்டிக் கொடுத்தாள். காவல்காரர் வேண்டாம் வேண்டாம் என்றார். அண்ணன் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாமல் தேய்த்த சட்டையோடு பெட்டியின் ஒரு முனையைப் பிடித்தார். “மறுமுனையைப் பிடிப்பா, லேட் ஆகுது.”

கொஞ்ச நேரத்தில் கடைக்கு வந்த ஒருவர், “உங்க மாமா வந்திருக்காராமே, எங்கே?” என்று இளையவளிடம் கேட்டார்.

“அடுப்போட வெளியே போயிருக்கார்” என்றாள் அவள்.

சாயங்காலம் பஸ் ஏறும்போது அண்ணன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அடுத்த ஞாயித்துக்கிழமையும் வரேன்.”

“அடுப்பு வீட்டுல இருக்குமான்னு சொல்ல முடியாதுண்ணா.”

“இருந்தா உன் வீட்டுச் சாப்பாடு. இல்லேன்னா மூணு வீட்டுச் சாப்பாடு. எனக்கு என்ன நஷ்டம்?” என்று ஏறி உட்கார்ந்தார். பஸ் அன்றைக்கு இரண்டு நிமிடம் தாமதமாகத்தான் கிளம்பியது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை, ஜன்னல் வழியாகத் தங்கைக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார்.